டப்ளினும் மீத்தும்: கேலிக் ஃபுட்பாலின் பங்காளிச் சண்டை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், கேலிக் ஃபுட்பால் என்றால் என்ன? சாக்கர் மாதிரியா, ரக்பி மாதிரியா?

இரண்டையும் பார்த்துப் பழகியவர்களுக்கு முதல் பத்து நிமிடம் தலை சுற்றும், அப்புறம் சரியாகிவிடும். அயர்லாந்துக்காரர்களின் சொந்த விளையாட்டு இது. பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், ஆனால் நாலு எட்டுக்கு மேல் கையிலேயே வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. ஒன்று தரையில் தட்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஓடிக்கொண்டே பந்தைக் காலில் விட்டுத் தன் கைக்கே திருப்பி உதைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தவருக்குக் கொடுக்க உதைக்கலாம், கையால் குத்தியும் அனுப்பலாம், எறியத்தான் கூடாது. பெரிய ஆட்டங்கள் 70 நிமிடம்.

நடத்துவது ஜி.ஏ.ஏ. என்ற சங்கம், 1884-ல் தர்லஸ் என்ற ஊரில் ஆரம்பித்தது. ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. 80,000 பேர் முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆடியவர் திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருப்பார். ஏலம் கிடையாது, ஆள் வாங்குவது கிடையாது, உன் ஊர் கிளப், உன் மாவட்டம், அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மைதானத்தில் இருப்பவன் பக்கத்துத் தெருப் பையன் என்பதால்தான் இந்தச் சண்டைக்கு இவ்வளவு சூடு.

ஸ்கோரை 2-10, 0-15 என்று எழுதுகிறார்களே, எப்படிப் படிப்பது?

கோல் கம்பம் ஹெச் எழுத்து மாதிரி இருக்கும். குறுக்குக் கம்பிக்கு மேலே பந்து போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல், அது மூன்று புள்ளிக்குச் சமம். 2-10 என்றால் இரண்டு கோல், பத்துப் புள்ளி, ஆக 16. 0-15 என்றால் வெறும் 15. இந்த இரண்டு எண்களையும் நான் சும்மா எடுக்கவில்லை, கீழே வரும். (2025-லிருந்து 40 மீட்டர் வளைவுக்கு வெளியே நின்று மேலே அடித்தால் இரண்டு புள்ளி என்று விதியை மாற்றியிருக்கிறார்கள். பழைய ஆட்டங்களைப் பார்க்கும்போது இதை மறந்துவிடுங்கள்.)

டப்ளின் தலைநகரம், தெரியும். மீத் எங்கே இருக்கிறது?

டப்ளினுக்கு வடக்கிலும் மேற்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் மாவட்டம். பாய்ன் ஆறு ஓடுகிறது, நாவன்தான் பெரிய ஊர், டப்ளினிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். 2022 கணக்கெடுப்பில் மீத்தின் மக்கள்தொகை 2.2 லட்சம், டப்ளின் மாவட்டத்தில் 14.5 லட்சத்துக்கும் மேல்.

ஆனால் பெருமைக்கு மீத்காரர்களிடம் குறைச்சல் இல்லை. அயர்லாந்தின் பழைய அரசர்கள் பட்டம் கட்டிக்கொண்ட தாரா குன்று இவர்களிடம்தான் இருக்கிறது, எகிப்துப் பிரமிடுகளுக்கு முந்தைய நியூகிரேஞ்ச் கல்லறை மேடும் இவர்களுடையது. ஐரிஷ் மொழியில் மாகாணத்துக்கான சொல்லே 'ஐந்தில் ஒன்று' என்ற பொருளில் வருவது. இன்று மாகாணம் நாலுதான், காணாமல் போன அந்த ஐந்தாவது பழைய மீத். அதனால்தான் 'ராயல்ஸ்' என்று பட்டப்பெயர். பச்சையும் மஞ்சளும் சட்டை. டப்ளின் வானநீலம், கூப்பிடுவது 'டப்ஸ்' என்று.

சரி, இரண்டும் ஏன் மோதிக்கொள்கின்றன? மதம், அரசியல் ஏதாவது?

அப்படி எதுவும் இல்லை, அதுதான் எனக்குப் பிடித்ததே. இரண்டும் ஒரே லென்ஸ்டர் மாகாணம், அதே தேவாலயம், அதே வானொலி, அதே மழை. பங்காளிச் சண்டை என்று நாம் சொல்வோமே, அந்த வகை. வேலி ஒன்று, கிணறு ஒன்று, ஒருவன் வீட்டில் மாடி எழும்பினால் மற்றவனுக்குத் தூக்கம் வராது. நகரத்தான் கிராமத்தானைக் 'கல்ச்சி' என்பான், கிராமத்தான் நகரத்தானை 'ஜாக்கீன்' என்பான், இரண்டுமே திட்டு, இரண்டுமே பாதி செல்லம்.

இன்னொரு காரணம் வெறும் ஏற்பாடு சம்பந்தப்பட்டது. அகில அயர்லாந்துப் பட்டத்துக்கான சாம் மக்வயர் கோப்பைக்குப் போக பழைய நாளில் முதலில் உங்கள் மாகாணத்தைத் தாண்ட வேண்டும், அதிலும் ஒரு தோல்வி என்றால் அந்த வருடம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். ஆகவே டப்ளின் நன்றாக ஆடுகிற வருடத்தில் அவர்களை நிறுத்தும் வாய்ப்பு மீத்துக்கு இருந்தது, மீத் நன்றாக இருக்கும்போது டப்ளினுக்கு. ஒருவன் கோடைக்காலத்தை மற்றவன் கெடுக்கலாம். இதைவிட நல்ல உரம் வேண்டுமா?

எப்போது ஆரம்பித்தது?

தேதி போட்டுச் சொல்ல முடியாது. எனக்கு ஒரு ஆட்டத்தைக் காட்டச் சொன்னால் 1955 லென்ஸ்டர் இறுதிப்போட்டியைக் காட்டுவேன். மீத் அப்போது நடப்பு அகில அயர்லாந்துச் சாம்பியன், கோலை ஒட்டி நிற்கும் அவர்களுடைய பின்காவலர் பேடி ஓ'பிரையன் அந்த இடத்தில் நாட்டிலேயே சிறந்தவர் என்று பேர். டப்ளினின் கெவின் ஹெஃபர்னன் அவருக்கு எதிரே கோல் பக்கத்தில் நிற்க வேண்டியவர். நிற்காமல் வெளியே சுற்ற ஆரம்பித்தார். பின்னாலேயே போவதா, இடத்தைக் காப்பதா என்று ஓ'பிரையனுக்குப் புரியவில்லை, போனால் பின்னால் கதவு திறந்து கிடக்கிறது. டப்ளின் 5-12, மீத் 0-7. இப்போது எல்லா அணியும் செய்கிற வேலைதான், அன்றைக்கு அது கிட்டத்தட்ட மரியாதைக் குறைவு.

அதே ஹெஃபர்னன்தான் பின்னால் பயிற்சியாளராக வந்து 1974, 1976, 1983-ல் டப்ளினைச் சாம்பியன் ஆக்கினார். நகரத்துப் பையன்கள் கூட்டம் கூட்டமாக ஹில் 16 பக்கம் வர ஆரம்பித்தது எழுபதுகளில்தான். மீத் அப்போது தூங்கிக்கொண்டிருந்தது.

ஹில் 16 என்கிறீர்களே, அது என்ன?

டப்ளின் நகரத்தில் இருக்கும் குரோக் பார்க் மைதானத்தில் ஒரு முனையில் நாற்காலி இல்லாத, நின்று பார்க்கும் படிக்கட்டு. மைதானத்தில் மொத்தம் 82,300 பேர் பார்க்கலாம், டப்ளின் ஆடும் நாளில் இந்த மூலை மட்டும் முழுக்க நீலம். 1916 புரட்சியில் இடிந்த கட்டடங்களின் கல்லைக் கொட்டிக் கட்டினது என்று ஒரு கதை சொல்வார்கள். நல்ல கதை, ஆனால் கட்டினது 1915-லேயே. முதலில் வைத்த பெயர் ஹில் 60, முதல் உலகப்போரில் கலிப்பொலியில் ஐரிஷ் சிப்பாய்கள் சண்டை போட்ட குன்றின் பெயர். பிரிட்டிஷ் படையில் சேர்ந்து சண்டை போட்டவர்களின் நினைவு அங்கே வேண்டாம் என்று பின்னால் பெயரை மாற்றினார்கள், கல் கதை அதற்கப்புறம் ஒட்டிக்கொண்டது.

ஷான் பாய்லன் யார்? மீத்காரர்கள் பெயரைச் சொன்னாலே கண் கலங்குகிறார்களே?

டன்பாய்ன் ஊர்க்காரர், டப்ளின் எல்லையிலிருந்து கூப்பிடு தூரம். தொழில் மூலிகை வைத்தியம், பரம்பரையாக. நம்மூர்ச் சித்த வைத்தியர் ஒருவர் மாவட்ட அணிக்குக் கோச் ஆனால் எப்படி இருக்கும், அதுதான். 1982-ல் பொறுப்பேற்றார், 2005 வரை இருந்தார். 23 வருடம். இன்றைக்கு மூன்று வருடம் தாக்குப்பிடித்தாலே பெரிய விஷயம். தாரா குன்றில் ஏற்றி இறக்கி ஓடவிட்டுப் பயிற்சி கொடுத்தவர். அவர் காலத்தில் மீத் நாலு முறை அகில அயர்லாந்துச் சாம்பியன்: 1987, 1988, 1996, 1999.

மனிதர் பேச்சு தேன் மாதிரி, அவருடைய அணி ஆட்டம் அப்படி இல்லை. மிக் லயன்ஸ், லியம் ஹார்னன் மாதிரி ஆட்கள் பின்னால் நிற்கும்போது பந்தோடு உள்ளே போகிறவன் ஒருமுறை யோசிப்பான். முரட்டு அணி என்று நாடு முழுக்கத் திட்டியது, மீத்காரர்கள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

1986 லென்ஸ்டர் இறுதியில் டப்ளினை 0-9க்கு 0-7 என்று ஜெயித்தார்கள், 1970-க்கு அப்புறம் முதல் மாகாணப் பட்டம். அங்கிருந்து ஐந்து வருடம் தொடர்ந்து இந்த இரண்டு அணிதான் லென்ஸ்டர் இறுதியில். 1989-ல் மட்டும் டப்ளின், மற்ற நாலும் மீத். அகில அயர்லாந்துப் பட்டம் இருபதுக்கும் மேல் வைத்திருந்த பெரிய வீடு, சின்ன வீட்டிடம் திரும்பத் திரும்பத் தோற்றது.

1991-ல் அப்படி என்னதான் நடந்தது?

உட்காருங்கள், இது கொஞ்சம் நீளம்.

அதுவரைக்கும் பெரிய அணிகள் ஆரம்பத்திலேயே மோதாதபடி பார்த்துத்தான் ஆட்டவணை போடுவார்கள். அந்த வருடம் லென்ஸ்டரில் எல்லாப் பெயரையும் ஒரே குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள், டப்ளினும் மீத்தும் முதல் சுற்றுக்கும் முந்தைய சுற்றில் வந்து விழுந்தன. தோற்றவன் ஜூன் மாதமே வீட்டுக்கு.

ஜூன் 2: இரண்டும் 1-12. சமம். ஜூன் 9: கூடுதல் நேரம் ஆடியும் இரண்டும் 1-11. சமம். ஜூன் 23: மறுபடி கூடுதல் நேரம், மீத் 2-11, டப்ளின் 1-14, கூட்டிப் பாருங்கள், இரண்டும் 17. இதற்குள் ஊர் முழுக்க இதே பேச்சு. பாய்லன் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டார், உடம்பெல்லாம் அடிபட்டுக் கிடந்தவர்களுக்கு அந்த மூன்றாவது ஆட்டத்துக்கு அப்புறம் தேவைப்பட்டது பயிற்சியைவிட ஓய்வுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நாலாவது ஆட்டம் ஜூலை 6, சனிக்கிழமை, தொலைக்காட்சியில் நேரலை. 61,000 பேருக்கு மேல் மைதானத்தில். நாலு ஆட்டத்துக்கும் டாமி ஹோவர்ட் என்ற ஒரே நடுவர், அவருக்குத் தனியாக ஒரு பதக்கம் கொடுத்திருக்க வேண்டும். இரண்டாம் பாதியில் டப்ளின் நன்றாக முன்னால் போய்விட்டது. ஒரு பெனால்டி கிடைத்தது, கீத் பார் அடித்தார், வெளியே. அதை உள்ளே போட்டிருந்தால் இந்தப் பக்கத்தில் பாதி கேள்விக்கு வேலையே இருந்திருக்காது.

கெவின் ஃபோலியின் கோலைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல முடியுமா?

சொல்லாமல் விடுவேனா. நேரம் முடியப்போகிறது, டப்ளின் மூன்று புள்ளி முன்னிலை. டப்ளின் அடித்த பந்து மீத்தின் கோல் கோட்டை ஒட்டி ஓரமாக உருண்டு போகிறது, மார்ட்டின் ஓ'கானல் அதை வெளியே விடாமல் குனிந்து எடுக்கிறார். களைத்துப்போன அணி அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு உதை உதைத்துத் தள்ளிவிடும். இவர்கள் உதைக்கவில்லை. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு சின்னக் குத்து, அவன் அடுத்தவனுக்கு, இப்படியே கை மாறிக் கை மாறி மைதானத்தின் முழு நீளமும். நடுவில் கோல்ம் ஓ'ரூர்க்கைப் பிடித்து இழுக்கிறார்கள், ஃபௌல். அவர் நின்று மூச்சு வாங்கவில்லை, சட்டென்று ஃப்ரீயை (ஃபௌலுக்குக் கிடைக்கும் தடையில்லா உதை) எடுத்து ஆட்டத்தைத் தொடர்கிறார். டப்ளின் ஆட்கள் இன்னும் திரும்பிக்கூட முடிக்கவில்லை. கடைசியில் டாமி டவுட் கையிலிருந்து பந்து கோல் வாசலுக்கு வருகிறது, அங்கே நிற்பவர் கெவின் ஃபோலி.

ஃபோலி பின்வரிசைக்காரர். எதிரியை நிறுத்துவதுதான் அவர் வேலை, கோல் போடுவதற்குப் பேர் வாங்கியவரே இல்லை. தொழில் கால்நடை மருத்துவம். அந்த இடத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அவருடைய அணியினரே கேட்டிருப்பார்கள். அவர் போட்டார். சமம்.

டப்ளின் கோல்கீப்பரின் உதையை மீத் பிடிக்கிறது, டேவிட் பெகி ஒரு புள்ளி அடிக்கிறார், முன்னிலை. அதோடு முடியவில்லை: டப்ளினுக்குத் தூரத்தில் ஒரு ஃப்ரீ, ஜாக் ஷீடி அடிக்கிறார், போனால் ஐந்தாவது ஆட்டம். போகவில்லை. மீத் 2-10, டப்ளின் 0-15.

340 நிமிடம் ஆடினார்கள். நாலு ஆட்டத்தையும் கூட்டினால் மீத் 62, டப்ளின் 61.

அப்படியென்றால் அந்த வருடம் மீத் கோப்பையை ஜெயித்ததா?

இல்லை! புதிதாகக் கதை கேட்கிற எல்லாரும் இங்கே ஏமாந்து போவார்கள். அடுத்த ஆட்டத்திலேயே விக்லோவோடு சமம், மறுபடி ஒரு ஆட்டம். ஒன்பது ஆட்டம் ஆடி செப்டம்பரில் அகில அயர்லாந்து இறுதிக்குப் போய், டவுன் என்ற மாவட்ட அணியிடம் 1-16க்கு 1-14 என்று தோற்றார்கள். அந்த இறுதிப்போட்டியைப் பற்றி டவுன்காரர்களைத் தவிர யாரும் பேசுவதில்லை. ஃபோலியின் கோலைப் பற்றி நாடே பேசும்.

கோப்பை இல்லாத ஒரு ஆரம்பச் சுற்றுக்கு ஏன் இவ்வளவு பேர்?

கொஞ்சம் சூழ்நிலையும் காரணம். முந்தின வருடம், 1990-ல், அயர்லாந்து முதல்முறையாகச் சாக்கர் உலகக்கோப்பைக்குப் போய்க் காலிறுதி வரை ஆடியது, நாடே பைத்தியம் பிடித்து அலைந்தது. இனிமேல் பையன்கள் எல்லாம் சாக்கர் பக்கம் போய்விடுவார்கள், கேலிக் ஃபுட்பால் கிழவர்கள் சமாச்சாரம் ஆகிவிடும் என்று ஜி.ஏ.ஏ.காரர்கள் உண்மையாகவே பயந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு ஆரம்பச் சுற்றுக்கு நாலு ஆட்டம் சேர்த்து 2,30,000 பேருக்கு மேல் டிக்கெட் எடுத்தார்கள். அப்புறம் யாரும் அந்தப் பயத்தைப் பற்றிப் பேசவில்லை. வந்த பணமும் சின்னத் தொகை இல்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் டப்ளின் பழி தீர்த்ததா?

தீர்த்தார்கள். 1994 லென்ஸ்டர் இறுதியில் ஒரே புள்ளியில், 1995-ல் 1-18க்கு 1-8 என்று பத்துப் புள்ளியில். அந்த வருடம் கோப்பையும் டப்ளினுக்கே. அடுத்த வருடமே மீத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. 1997-ல் கடைசி நேரத்தில் டப்ளினுக்குப் பெனால்டி, பால் பீலின் அடித்தார், குறுக்குக் கம்பியில் பட்டுத் திரும்பியது. 1988 இறுதியிலும் கடைசி நிமிடப் பெனால்டியைக் கோலாக்கவில்லை, 1991 கதை மேலே சொன்னேன். மீத்துக்கு எதிராகப் பெனால்டி கிடைத்தால் டப்ளின் ரசிகர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்று சொன்னால் கேலியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு பக்கமும் உண்மையிலேயே வெறுப்பா? அடிதடி உண்டா?

மைதானத்தில் உண்டு. 2008-ல் டப்ளினின் பார்னெல் பார்க் மைதானத்தில் ஒரு லீக் ஆட்டத்தில் கும்பலாக அடித்துக்கொண்டார்கள், இரண்டு பக்கமும் பல பேருக்குத் தடை. அது மறக்க வேண்டிய சமாச்சாரம், ஆனால் மறக்க மாட்டார்கள்.

மைதானத்துக்கு வெளியே வேறு மாதிரி. கேலரியில் ரசிகர்களைப் பிரித்து உட்காரவைப்பதே இல்லை, நீலச்சட்டைக்குப் பக்கத்தில் பச்சைச்சட்டை, நடுவில் போலீஸ் கிடையாது. 1991-ல் அப்படி அடித்துக்கொண்ட ஆட்கள் வயதான பிறகு ஒருவருக்கொருவர் நல்ல நண்பர்கள். எனக்கு ஆச்சரியமாக இல்லை. 340 நிமிடம் ஒருவன் உங்களைத் தோளால் இடித்தால் அவனை உங்கள் சொந்தத் தம்பியைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

டப்ளினுக்கு நிஜ எதிரி கெர்ரி என்கிறார்களே?

பெரிய மேடையில் ஆமாம். கெர்ரி தெற்கில் இருக்கிறது, நாட்டிலேயே அதிகப் பட்டம் அவர்களுக்குத்தான், டப்ளினோடு மோதுவது பெரும்பாலும் அரையிறுதியில், இறுதியில். ஆனால் கெர்ரிக்காரன் ஆட்டம் முடிந்தால் ரயில் ஏறி ஊருக்குப் போய்விடுவான். மீத்காரன் திங்கட்கிழமை காலையில் ஆபீசில் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருப்பான், சிரித்துக்கொண்டு. எது வலிக்கும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

2010-ல் ஐந்து கோல் என்று ஒரு கதை கேட்டேனே?

லென்ஸ்டர் அரையிறுதி. மீத் 5-9, டப்ளின் 0-13. ஐந்து முறை வலைக்குள். டப்ளின் மானம் போன நாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

இறுதிப்போட்டியில் மீத்துக்கு எதிரே லவுத், 1957-க்கு அப்புறம் லென்ஸ்டர் பட்டமே பார்க்காத குட்டி மாவட்டம். கடைசி நொடிகளில் லவுத் முன்னிலை, கோல் வாசலில் ஒரே தள்ளுமுள்ளு, ஜோ ஷெரிடன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே கோட்டைத் தாண்டினார், தப்புதான், ஆனாலும் நடுவர் கோல் கொடுத்துவிட்டார். மீத் பட்டத்தை எடுத்துக்கொண்டது. மறு ஆட்டம் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. லவுத்காரர்கள் அதை மறக்கவில்லை, இது பின்னால் தேவைப்படும்.

அதற்குப் பிறகு ஏன் இந்தச் சண்டையைப் பற்றிப் பேச்சே இல்லாமல் போனது?

அந்த அடிக்குப் பிறகு டப்ளின் தூங்கவில்லை. அடுத்த வருடமே, 2011-ல், 16 வருடம் கழித்துக் கோப்பை. 2013-ல் ஒன்று. அப்புறம் 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு. லென்ஸ்டர் பட்டத்தை 2011-லிருந்து 2024 வரை பதினாலு வருடம் தொடர்ந்து வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. மொத்தம் 31 அகில அயர்லாந்துப் பட்டம், கடைசியாக 2023-ல். மீத் 1999-லேயே 7-ல் நின்றுவிட்டது.

2019 லென்ஸ்டர் இறுதி: டப்ளின் 1-17, மீத் 0-4. எழுபது நிமிடத்தில் நாலு புள்ளி. 2020 நவம்பர் 21 அன்று இன்னொரு இறுதி, கொரோனாவால் காலி மைதானம். அதே குரோக் பார்க்கில் சரியாக நூறு வருடம் முன்னால் பிரிட்டிஷ் படை சுட்டுப் பதினாலு பேர் செத்த நாள் அது, ஆட்டத்துக்கு முன் நினைவு நிகழ்ச்சி நடந்தது. அப்புறம் ஆட்டம், 3-21க்கு 0-9. அன்றைக்கு மனதில் நின்றது ஆட்டத்துக்கு முன் நடந்ததுதான்.

ஏன் இப்படி ஆனது என்று கேட்டால் அயர்லாந்தில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து விடிய விடியப் பேசலாம். டப்ளினுக்கு மக்கள்தொகை இருக்கிறது, ஸ்பான்சர் இருக்கிறது, 2000-களிலிருந்து பள்ளிகளிலும் கிளப்களிலும் பயிற்சியாளர்களை வைக்க ஜி.ஏ.ஏ.வின் நிதியில் மற்ற மாவட்டங்களைவிட மிகப் பெரிய பங்கு போனது. பெரிய ஆட்டங்கள் எல்லாம் அவர்கள் ஊர் குரோக் பார்க்கிலேயே. டப்ளினை இரண்டாகப் பிரித்துவிடலாம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். டப்ளின்காரர்கள் இதெல்லாம் பொறாமை என்பார்கள். அந்த அணியில் இருந்த ஆட்கள் அபூர்வமானவர்கள் என்பதும் உண்மை. என் கணக்கில் இரண்டு பக்கமும் சரி, ஆனால் பணம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. பங்காளிக்குள் ஒருவன் ஜமீன்தார் ஆகிவிட்டால் சண்டை எப்படி நடக்கும்? அவன் உங்களைப் பார்க்கக்கூட மாட்டான்.

மீத்தில் டப்ளின்காரர்களே நிறைய இருக்கிறார்களாமே?

நிறைய. டப்ளினில் வீட்டு விலை எகிறினதிலிருந்து இளம் குடும்பங்கள் எல்லாம் எல்லையைத் தாண்டி அஷ்போர்ன், ரட்டோத், டன்பாய்ன், டன்ஷாக்லின் என்று குடியேறிவிட்டன. அப்பா டப்ஸ் ரசிகர், பிள்ளை மீத் கிளப்பில் பயிற்சிக்குப் போகிறான். ஆட்ட வாரத்தில் அந்தப் பக்கம் போனால் ஒரே வீட்டில் மாடி ஜன்னலில் நீலக்கொடி, வாசல் கேட்டில் பச்சைமஞ்சள் கொடி தொங்கும், யார் எந்த அறையில் தூங்குகிறார்கள் என்று தெருவில் போகிறவனுக்கே தெரிந்துவிடும். எல்லைக்கோடு இப்போது சாப்பாட்டு மேஜைக்கு நடுவே ஓடுகிறது.

பெண்கள் அணிகளுக்குள்ளும் இது உண்டா?

உண்டு, ஆண்கள் பக்கம் செத்துக் கிடந்த வருடங்களில் இந்தச் சண்டையைத் தாங்கிப் பிடித்ததே அவர்கள்தான், இதை யாரும் சொல்வதில்லை. 2020-ல் மீத் பெண்கள் இரண்டாம் நிலைப் போட்டியில் ஜெயித்து மேலே வந்தவர்கள். அடுத்த வருடமே மேல்நிலை இறுதியில் டப்ளினுக்கு எதிரே நின்றார்கள். டப்ளின் அப்போது தொடர்ந்து நாலு வருடம் சாம்பியன், ஐந்தாவதுக்கு வந்திருந்தது. எம்மா டுகன் தூரத்திலிருந்து கோல்கீப்பரின் தலைக்கு மேல் ஒரு கோல். மீத் 1-11, டப்ளின் 0-12. 2022-லும் மீத்தே சாம்பியன். 2025 இறுதியில் மறுபடி இதே இரண்டு அணி, அதில் டப்ளின் 2-16க்கு 0-10 என்று கணக்கை நேராக்கியது.

2025-ல் என்ன நடந்தது?

ஏப்ரல் மாதம், லென்ஸ்டர் அரையிறுதி, இடம் போர்ட்லீஷ். குரோக் பார்க் இல்லை என்பதைக் கவனியுங்கள். மீத்தின் மேலாளர் ராபி பிரென்னன், அதற்கு முன் டப்ளினின் கில்மக்கட் குரோக்ஸ் கிளப்பை அகில அயர்லாந்து கிளப் பட்டத்துக்கு அழைத்துப் போனவர், அதாவது எதிர்வீட்டுச் சமையலறை தெரிந்த ஆள். முதல் பாதியில் மீத் பெரிய முன்னிலை. இரண்டாம் பாதியில் டப்ளின் துரத்த ஆரம்பித்ததும், பதினைந்து வருடமாகப் பார்த்துப் பழகிய மீத்காரர்கள் எல்லாரும் 'போச்சு' என்று உட்கார்ந்திருப்பார்கள். போகவில்லை. மீத் 0-23, டப்ளின் 1-16. 2010-க்கு அப்புறம் சாம்பியன்ஷிப்பில் டப்ளினுக்கு எதிராக மீத்தின் முதல் வெற்றி, அதோடு டப்ளினின் பதினாலு வருட லென்ஸ்டர் ஆட்சி முடிந்தது.

இறுதியில் எதிரே யார்? லவுத். அதே லவுத். 3-14க்கு 1-18, லவுத் ஜெயித்தது, 1957-க்கு அப்புறம் முதல் பட்டம். இதை ஒரு சினிமாவில் வைத்தால் ரொம்ப ஓவர் என்று வெட்டியிருப்பார்கள்.

மீத் அதோடு ஓயவில்லை. இப்போது தோற்றாலும் இன்னொரு வழி உண்டு என்பதால் அந்தப் பக்கமாகப் போய் கெர்ரியையே தோற்கடித்தார்கள் (அந்த வருடக் கோப்பை பின்னால் கெர்ரிக்குத்தான் போனது), கால்வேயை ஒரு புள்ளியில் தாண்டினார்கள். அரையிறுதியில் டோனகாலிடம் இருபது புள்ளியில் நசுங்கினார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நேரம் அதிகம் இல்லை. ஒரே ஒரு ஆட்டம் பார்ப்பதென்றால் எது?

1991-ன் நாலாவது ஆட்டம், கடைசிப் பத்து நிமிடம் போதும். யூடியூபில் கிடைக்கிறது, படம் மங்கலாகத்தான் இருக்கும், சட்டையின் எண்கள் சரியாகத் தெரியாது. முதல் தடவை கோலைப் பாருங்கள். இரண்டாம் தடவை ஓட்டும்போது ஓ'ரூர்க் அந்த ஃப்ரீயை அவசரமாக எடுக்கிற இடத்தில் நிறுத்தி, டப்ளின் ஆட்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.